முப்பத்தெட்டாம் அதிகாரம்

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முந்தி வரும் ஆகமன ஞாயிற்றுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சபைப் பஞ்சாங்கம் தபாலில் வந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னப் புத்தகம். சிவகாசியில் அச்சடித்தது. தேதி, அந்த ஞாயிற்றின் பெயர், காலையில் என்ன பாடம், மாலையில் என்ன பாடம், எந்தச் சங்கீதம், பீடத்துக்கு எந்த நிறத் துணி என்று வரிசையாகப் போட்டிருக்கும். எங்கள் சபையில் இருந்தது ஒரு வெள்ளைத் துணியும் ஒரு ஊதாத் துணியும்தான். பச்சை என்று போட்டிருக்கும் ஆறு மாதமும் வெள்ளையையே விரித்துச் சமாளித்தோம்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. ஐம்பதுகளின் கடைசி. உபதேசியாராக எனக்குக் கிடைத்த முதல் சபை எம். புதுப்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டு நடுவில் முப்பது வீடுகள் கொண்ட ஓர் ஊர். வார நாட்களில் அங்கே பள்ளிக்கூடம் நடத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதே கட்டடத்தில் ஆராதனை நடத்த வேண்டும். சபையில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்கும் வெடி ஆபீசுக்கும் போகிறவர்கள். தீபாவளி சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும். ஆனியிலிருந்து கார்த்திகை வரை, திரித்துவப் பண்டிகைக்குப் பின்வரும் ஞாயிறுகளில் பாதி, பாயில் உட்கார்ந்திருக்கும் ஏழெட்டுக் கிழவர்களோடு போய்விடும். தை பிறந்த பிறகுதான் கூட்டம் சேரும். உயிர்ப்புப் பண்டிகைக்கு முந்தின நாற்பது லெந்து நாட்களில் இடமே இருக்காது.

குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். அவர் சிவகாசியிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு சைக்கிளில் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகள் என் பொறுப்பு. போன புதிதில் நான் பஞ்சாங்கத்தை அவ்வளவாக மதிக்கவில்லை. ஊருக்கு என்ன தேவையோ அதை வாசித்தால் போதாதா என்று ஓர் எண்ணம். கிணற்றடியில் இரண்டு பெண்கள் வாளிக்காகச் சண்டை போட்ட வாரம், குறித்திருந்த பாடத்தை விட்டுவிட்டு, நாவடக்கம் பற்றிய ஒரு நிருபப் பகுதியைத் தேடியெடுத்து நிறுத்தி நிதானமாக வாசித்தேன். இரண்டு பேரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் நான் எதை வாசித்தாலும், "இது யாருக்கு?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஐயர் காதுக்கு இது போனது. அவர் கோபப்படவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "தம்பி, பஞ்சாங்கத்துல என்ன போட்டிருக்கோ அதை வாசியும். நீர் தேடிப் போனா அது உம்ம பேச்சு. அதுவா வந்தாத்தான் வேதம்."

அன்றிலிருந்து ஒரு வரி மாற்றவில்லை. வாசிக்கக் கடினமான பெயர்ப்பட்டியல் வந்தாலும் முழுவதும் வாசித்தேன். சபை மெல்ல அமைதியானது.

சபை மூப்பர் ஒருவர் இருந்தார். தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரி. அறுபதை நெருங்கிய ஆள், உயரம், அதிகம் பேச மாட்டார். கோவிலுக்கு ஓடு போட்டது அவர் முயற்சி. நான் வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகன் காய்ச்சலில் இறந்திருந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. காரியங்கள் முடிந்ததும் மருமகளை ஆலங்குளம் பக்கத்தில் இருந்த அவள் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். "கொஞ்ச நாள் அங்கன இரு, ஆள் அனுப்புறேன்" என்றாராம். ஆள் அனுப்பவேயில்லை.

அந்தப் பெண்ணை மறுமணம் செய்துகொள்ள ஒருவர் கேட்டார். சுண்ணாம்புக் கல் வெட்டும் இடத்தில் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர். பெண்ணுக்கும் சம்மதம். ஆனால் அவள் தகப்பன் ஊர்க் கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிக்கை வாசிப்பதற்கு முன்னால், அவள் வாழ்க்கைப்பட்ட சபையிலிருந்து நற்சாட்சிக் கடிதம் வேண்டும் என்று அங்குள்ள ஐயர் கேட்டிருந்தார். உபதேசியாரும் மூப்பரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கடிதத்தை நான் எழுதி, என் கையெழுத்தையும் போட்டு மூப்பரிடம் நீட்டினேன். வாங்கிப் படித்தார். "பாப்போம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் கேட்டேன். அப்போதும், "பாப்போம்." அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊரில் எனக்குச் சோறு போட்டது அவர் வீடு. அவர் மனைவிதான் தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புவார். அந்தக் காகிதம் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குள் ஒரு வருஷமாகக் கிடந்தது. பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் அதை ஒரு பக்கமாக நகர்த்திவைப்பேன். அவ்வளவுதான் நான் செய்தது.

லெந்து காலத்து மூன்றாம் ஞாயிறு வந்தது. சனிக்கிழமை பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். காலை முதல் பாடம் ஆதியாகமம் 38 என்று இருந்தது. அந்த வாரங்களில் ஆதியாகமத்தில் முற்பிதாக்களின் கதை வரிசையாக வரும், போன ஞாயிறு யாக்கோபு. இந்த ஞாயிறு யோசேப்பை அவன் அண்ணன்மார் விற்பதுதான் வர வேண்டும், அது முப்பத்தேழாம் அதிகாரம் ஆயிற்றே என்று ஒரு யோசனை ஓடியது. வேதத்தைப் பிரித்தேன்.

முப்பத்தெட்டு, யூதாவின் கதை. மூத்த மகன் இறந்துபோகிறான், வழக்கப்படி அவன் மனைவியைக் கட்டிக்கொண்ட இரண்டாவது மகனும் இறக்கிறான். கடைசி மகன் வளர்ந்ததும் அவனுக்குக் கட்டிவைக்கக் கூப்பிடுகிறேன் என்று மருமகளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்புகிறான் யூதா. அவன் வளர்ந்த பிறகும் கூப்பிடுவதில்லை. அவள் முக்காடு போட்டுக்கொண்டு வழியில் உட்கார்ந்து, தன்னை யாரென்று அறியாத மாமனாராலேயே கர்ப்பமாகிறாள். செய்தி தெரிந்ததும், அவளை எரிக்கச் சொல்கிறான். தன்னிடம் அவன் அடையாளமாகக் கொடுத்துப்போன முத்திரையையும் கோலையும் அவள் அனுப்பிவைக்கிறாள். அவற்றைப் பார்த்ததும், நியாயம் அவள் பக்கம்தான், நான்தான் தவறியவன் என்று யூதா எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்கிறான்.

சின்னப் பிள்ளைகள் முன் வரிசையில் உட்காருவார்கள். மூப்பர் இரண்டாவது வரிசை. தாண்டிப் போய் வேறு வாசிக்கலாம். ஆனால் மாற்றினால் நான் மறுபடியும் தேர்ந்தெடுக்கிறவன் ஆகிவிடுவேன். இரண்டு வருஷம் கட்டிக் காப்பாற்றிய பேர் போய்விடும். அப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். வாசிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசையும் இருந்ததோ என்னவோ, இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

வாசித்தேன். நிமிர்ந்து பார்க்காமல், ஏற்ற இறக்கமில்லாமல், ஒரு வசனத்தையும் விடாமல். தகப்பன் வீட்டுக்கு அனுப்பும் இடம் வந்தபோது பெண்கள் பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த பனை விசிறிகள் நின்றன.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகும் மூப்பர் உட்கார்ந்த இடத்தில் இருந்தார். பிறகு எழுந்து மேசைக்கு வந்தார்.

"உபதேசியாரே, எனக்குன்னே தேடி எடுத்தீகளோ?"

"இல்லைங்க. பஞ்சாங்கத்துல இதான் போட்டிருக்கு."

புத்தகத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டி, விரலை வைத்து அந்த வரியைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். மறுபடியும் அந்த எண்ணைப் பார்த்தார்.

"சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

புதன்கிழமை லெந்து ஜெபக்கூட்டத்துக்கு அவர் வரவில்லை. சோறு மட்டும் தவறாமல் வந்தது. சனிக்கிழமை முற்பகல் நான் விளக்குக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"அந்தக் காயிதம் எங்கன இருக்கு?"

எடுத்துக் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, மறுபடி ஒரு தடவை முழுக்கப் படித்து, கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை காகிதத்தைப் பிடித்துக்கொண்டேயிருந்தார்.

"அந்தப் பிள்ளை மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது," என்றார். "அவ இன்னொருத்தன் வீட்டுக்குப் போயிட்டா, எம் மகனுக்குப் பொண்டாட்டின்னு சொல்ல இந்தப் பூமியில ஆள் இல்லை. அம்புட்டுதான். அதைத்தான் புடிச்சு வச்சிருந்தேன்."

நான் காகிதத்தை வாங்கி மடித்தேன். ஆறுதல் சொல்லும் வயது எனக்கு இல்லை.

"கல்யாணம் எப்ப வைப்பாக?"

"லெந்துல வைக்க மாட்டாங்க. உயிர்ப்புப் பண்டிகை முடிஞ்சுதான்."

"நல்லது," என்றார். "அதுவரைக்கும் எனக்கு நாள் இருக்கு."

கடிதத்தை அன்றே தபாலில் சேர்த்தேன். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வாரம் எனக்கு ஒரு கார்டு வந்தது. பஞ்சாங்கம் போட்டவர்கள் அந்த மூன்றாம் ஞாயிற்றுக்கு முன்னாலேயே எல்லா உபதேசியார்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஊருக்குத் தபால் வாரத்துக்கு இரண்டு நாள்தான், அதிலும் இந்தக் கார்டு வேறொரு புதுப்பட்டிக்குப் போய்ச் சுற்றி வந்திருந்தது. அதில் இருந்தது இதுதான்: லெந்து மூன்றாம் ஞாயிறு காலைப் பாடம், 38 என்பதை 37 என்று திருத்திக்கொள்ளவும். அச்சுப் பிழை.

கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் நடந்தேன். வேதமே சொல்லிவிட்டது என்று நினைத்துத்தான் அவர் கையெழுத்துப் போட்டார். அச்சுக் கோர்த்தவர் ஏழுக்குப் பதில் எட்டை எடுத்துவிட்டார் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்? சொல்லாமல் விட்டால் ஒரு குறையும் இல்லை, கல்யாணம் நடந்துவிடும். ஆனால் பெரிய வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றை வாசித்தபோது, பேதுரு மூன்று தடவை மறுதலித்துச் சேவல் கூவும் இடத்தில் வரியைத் தவறவிட்டுத் திரும்ப வாசித்தேன். அதற்குமேல் அதைப் பையில் வைத்திருக்க முடியவில்லை.

மறுநாள் காலை, உயிர்ப்புப் பண்டிகைக்காகக் கோவிலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தோம். மூப்பர் ஏணியில் நின்று தோரணம் கட்டினார். நான் கீழே ஏணியைப் பிடித்திருந்தேன்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் வாசிச்சது தப்பான அதிகாரம். யோசேப்பைத்தான் வாசிச்சிருக்கணும். அச்சுல தப்பாப் போட்டுட்டாங்க."

அவர் கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்தார். "தெரியும்," என்றார்.

"எப்படி?"

"அன்னைக்குச் சாயந்தரமே சிவகாசிக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். உங்க கோயில்ல இன்னைக்கு என்ன வாசிச்சாகன்னு கேட்டேன். அண்ணன்மாரு யோசேப்பைக் குழியில தள்ளுனதுன்னா. பஞ்சாங்கத்துல அச்சுத் தப்புன்னு அங்க ஐயர் சொன்னாராம். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், வேணும்னே வாசிச்சீகன்னு ரெண்டு நாள் உங்க மேல கடுங்கோவம்." கீழே இறங்கினார். "பெறகு யோசிச்சேன். தப்பா அச்சடிச்சாக, சரி. அந்த அதிகாரம் வேதத்துல இருக்குதா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப பெறகென்ன? ஏணியை அந்தப் பக்கம் தள்ளுங்க."

அப்படியானால் எல்லாம் தெரிந்தேதான் அன்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்கு நெஞ்சு லேசானது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அறிக்கைகள் வாசித்து முடிந்து சித்திரைக் கடைசியில் கல்யாணம். மூப்பரும் அவர் மனைவியும் நானும் பஸ் பிடித்துப் போனோம். அவர் மனைவி மடியில் ஒரு சேலைப் பொட்டலம். இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது உண்டென்று அறிந்தவர் சொல்லலாம் என்று அங்குள்ள ஐயர் கேட்டு, வழக்கம்போலச் சற்று நிறுத்தினார். பெண் வீட்டார் நாலைந்து பேர் திரும்பி மூப்பரைப் பார்த்தார்கள். அவர் நேரே பீடத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவர் மனைவி சேலை முந்தானையால் இரண்டு தடவை கண்ணைத் துடைத்தார். ஐயர் மேலே வாசித்தார்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் புதுத் தம்பதிகள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். பழைய மாமியார் அவளை அடுப்படியை விட்டு நகரவிடவில்லை. மூப்பரும் அந்த மாப்பிள்ளையும் வேப்பமரத்தடியில் கல் வெட்டுவதைப் பற்றியும் தீக்குச்சி அடுக்குவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். காணிக்கையாக வந்த பூசணிக்காய்களை நான் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தாள்.

"உபதேசியாரே, நீங்க என்னமோ வாசிச்சீகளாம், மாமா மனசு மாறிட்டாராம். ஊர்ல சொல்லுதாக. என்ன வாசிச்சீக?"

என் வாயால் அந்தக் கதையை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதிகாரத்தை மட்டும் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசிப்பாள் என்று தெரியும். மேசையிலிருந்த வேதத்தை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். வெளியே பண்டிகை ஏலம் நடந்துகொண்டிருந்தது. சேவலுக்கும் வாழைத்தாருக்கும் போட்டிபோட்டுக் கத்தினார்கள். அவள் விரலை வைத்து, உதடு அசைய, நெடுநேரம் வாசித்தாள்.

திருப்பிக் கொண்டுவந்து வைத்தபோது முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"ஆத்தாடி! அவளுக்கு எம்புட்டுத் தைரியம்! எனக்கு அம்புட்டுக் கிடையாதுங்க. நான் ஒரு காயிதத்துக்குத்தான் காத்துக் கிடந்தேன்."

சொல்லிவிட்டு, மாமியார் கூப்பிட்ட குரலுக்கு அடுப்படிக்கு ஓடினாள்.