கோட்டை ரோட்டில் குரங்குப் பாலம்

காலையில் செஞ்சிக் கோட்டை ஸ்டாப்பில் திருவண்ணாமலை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன்.

போன வாரத் திருவிழாவுக்கு, சாலையின் இரு பக்கப் புளியமரங்களிலும் கயிறு கட்டிக் குறுக்கே பேனர் தொங்கவிட்டிருந்தார்கள். பேனர் போய்விட்டது, கயிறு மட்டும் மிச்சம். அதைக் கழற்றப் பந்தல்காரர் ஏணியோடு வந்தார்.

டீக்கடை அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். “அண்ணே, அத்த அவுக்காதீங்க. கொரங்குங்க இப்ப அதுமேலதான் ரோட்டத் தாண்டுது. போன மாசம் ஒரு குட்டி லாரில அடிபட்டுச்சு.”

“நாளைக்கு எனக்குக் கல்யாணப் பந்தல் இருக்குது. கயித்துக்கு நான் எங்கம்மா போறது?”

சொல்லிக்கொண்டே ஏறிவிட்டார்.

அதே நேரம் எதிர் மரத்திலிருந்து கூட்டம் கிளம்பியது. முதலில் பெரிய கடுவன் பாதிக் கயிறு வரை வந்து, அவரை முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. பின்னாலேயே, வயிற்றில் குட்டியைச் சுமந்தபடி ஒரு தாய். கீழே லாரிகள் ஹாரன் அடித்துப் பறந்தன. மேலே ஒவ்வொன்றாக வந்து, அவர் தலைக்கு மேலிருந்த கிளைக்குத் தாவின. ஒன்று போகிற போக்கில் அவர் துண்டை உருவிக்கொண்டது.

மனிதர் அசையவில்லை. இந்த வேடிக்கையில் என் பஸ்ஸும் போய்விட்டது.

கடைசிக் குரங்கும் தாண்டிய பிறகு, கொஞ்ச நேரம் முடிச்சோடு மல்லுக்கட்டிவிட்டு, வெறுங்கையோடு இறங்கினார்.

“இன்னாண்ணே, அவுக்கலியா?”

“முடிச்சு லூசா இருந்துச்சும்மா. இறுக்கிட்டு வந்தேன்.”

இனி அங்கே வரவேற்பு பேனர் கட்ட நினைக்கும் பிரமுகர்கள், மேலே அண்ணாந்து பார்த்து அனுமதி வாங்கிக்கொள்ளவும். தோளில் துண்டு வேண்டாம்.