துரையின் முதுகில் செதில்

லோகநாயகிக்குச் சோப்பு என்றால் உயிர். தாய்வழிச் சொத்து அது. அவள் பெரியம்மா நாகம்மாள் அடைகாத்த கோழியையே நுரை பொங்கக் குளிப்பாட்டியவள். நாகம்மாளின் ஓரகத்தி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட வம்சத்து லோகநாயகி வளர்த்த கறுப்பு நாய்தான் துரை.

ஒரு நாள், மீன் விற்கும் கொழுந்தன் வரதனின் கூடையிலிருந்து மடவை மீன் காணாமல் போனது. அவன் நேரே வந்து துரையின் முதுகைத் தடவினான். வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது.

“இன்னா அண்ணி இது? செதிலு! என் மடவையோட செதிலு! வெள்ளிக்கெழம மீன் வண்டில ஏத்தி இத்த ஆரம்பாக்கத்துல வுட்டுடறேன், பாரு.”

லோகநாயகி துரையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் பேச்சை முழுசாகக் கேட்கிற ஜீவன் துரை ஒன்றுதான். காட்டுப்பள்ளியில் வேலை பார்க்கும் மகன்கூடப் பாதியிலேயே போனை வைத்துவிடுவான்.

சாட்சி அழிந்தால் வழக்கு நிற்காது என்று துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் இன்னும் உதிர்ந்தது. மறுபடி தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் செதில் கூடியது.

“அடப்பாவி, தெனமும் புதுசா திருடறியா?” என்றாள். துரை பின்னங்காலால் சொறிந்துகொண்டது.

வியாழக்கிழமை நாய்களுக்கு ஊசி போட டாக்டரம்மா தேவதர்ஷினி வந்தார். ஊசியைப் போட்டுவிட்டு முடியை விலக்கிப் பார்த்தார். “என்னம்மா, செதில் செதிலா உதிருதே!”

“கேட்டுக்க அண்ணி, டாக்டரே சொல்லிட்டாங்க!” வரதன் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குதித்தான்.

விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மா சிரித்தார். “மடவைச் செதில் எவ்வளவு பெருசு இருக்கும்ணே?”

வரதன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினான். “இம்மாம் பெருசு. ஒட்டுச்சுன்னா லேசுல வராது.”

டாக்டரம்மா நாயின் முதுகில் ஊதினார். மாவு மாதிரி பறந்து வரதனின் மீசையில் இறங்கியது.

“இது பொடுகு. உண்ணி இல்ல, புண் இல்ல, முடியும் கொட்டல. தோல் காஞ்சுபோச்சு, அதான் சொறியுது. எதைப் போட்டுக் குளிப்பாட்டறீங்க?”

“துணி சோப்புதாம்மா. தெனமும்.”

“முதல்ல அதை நிறுத்துங்க. நாய்க்குன்னு ஷாம்பு இருக்கு, எழுதித் தரேன்.”

வரதன் மீசையைத் துடைத்தான். “சரி, இருந்துட்டுப் போவட்டும்.”

லோகநாயகி மனம் குளிர்ந்து திரும்பினாள். துரை வரதனின் கூடைக்குப் பின்னாலிருந்து நாக்கைச் சுழற்றியபடி வந்தது. மூக்கின்மேல் நகத்தளவில் பளபளவென்று ஒரு செதில். முந்தானையால் அவசரமாகத் தேய்த்தாள். வரவில்லை.

“டாக்டரம்மா,” என்றாள் மெதுவாக, “மூஞ்சிக்கு மட்டும் சோப்புப் போடலாமா?”