வக்கீலம்மாவின் விசாரணை

"கடைசியா எப்போ சாப்பிட்டுச்சு?"

"நேத்து ராத்திரி."

"யார் குடுத்தது?"

"நான்தான்."

"வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?"

எத்தனை பேர் என்று தெரிந்ததும், வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று வந்திருப்பவர்களைத் தனித்தனியே கேட்பார் வக்கீலம்மா. அந்தக் கால்நடை மருத்துவமனையில் விலங்குகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது கூட இருந்து பார்த்துக்கொள்வது அவர் வேலை. பதினெட்டு வருடமாகிறது. இந்தக் கேள்விகளுக்காக டாக்டர் வைத்த பெயர்தான் வக்கீலம்மா.

இரத்தப் பரிசோதனைத் தாளை வரிவரியாகப் படித்த பிறகும், இரத்த ஓட்டம் தெரிய விலங்கின் ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று குனிந்து பார்ப்பார். "எட்டு கிலோ இருக்கும்" என்று யாராவது சொன்னால், "உத்தேசத்துக்கு ஊசி போட முடியாதுங்க" என்று எடை மேடையைக் காட்டுவார்.

ஒரு நாள் காலை, வயிற்றில் கட்டியோடு ஒரு கிழட்டு நாய் வந்தது. ஒண்ணுமே கொடுக்கவில்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் சத்தியம் பண்ணாத குறை. நாயோ அந்த மனிதரின் சட்டைப் பையை விட்டு மூக்கை எடுக்கவில்லை.

"திட்டறதுக்குக் கேக்கலீங்க. தெரிஞ்சுக்கத்தான். பையில என்ன இருந்துச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டு பிஸ்கட். பாவமாப் பாத்துச்சு. மனசு கேக்கல."

மனைவி முறைத்த முறைப்பில் மனிதர் பாதியாகிவிட்டார்.

"மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிரும். அப்புறம் காப்பாத்தறது கஷ்டம். சொன்னீங்களே, அதுவே பெரிய உதவி," என்றார் வக்கீலம்மா. டாக்டரிடம் பேசி அறுவை சிகிச்சையை மறுநாளைக்கு மாற்றினார்.

மறுநாள் நாய் வெறும் வயிற்றோடு மேசையில் கிடந்தது. உடம்புச் சூடு இறங்காமலிருக்க அடியில் வெந்நீர்ப் பை. மூச்சுக்குத் தொண்டையில் குழாய். வேலை பாதி நடக்கையில், மூச்சைக் கண்காணிக்கும் இயந்திரம் கத்துவதற்கு முன்பே வக்கீலம்மா வாய் திறந்தார்.

"டாக்டர், மூச்சு கொறையுது."

டாக்டரின் கை நின்றது. மயக்க வாயுவைக் குறைக்கச் சொன்னார். குறைத்துவிட்டு, மயக்க வாயு இயந்திரத்தில் தொங்கிய ரப்பர் பலூனை நிதானமாக அழுத்தி அழுத்தி, நாய்க்காக வக்கீலம்மாவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நாலு நிமிடம் ஆனது. பிறகு நெஞ்சுக்கூடு தானாக ஏறி இறங்கியது. கட்டியும் முழுசாக வெளியே வந்தது.

தையல் போட்டு முடித்து டாக்டர் கை கழுவப் போனார். வக்கீலம்மா நகரவில்லை. "மயக்கம் தெளியற நேரம்தான் ஏமாத்தும்" என்பார். நாய்க்கு விழுங்கும் உணர்வு திரும்பினால்தான் குழாயை எடுக்கலாம். அதன் கழுத்தில் இரண்டு விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து விரலுக்கடியில் லேசாக ஓர் அசைவு. தன்னையறியாமல் அவரும் எச்சில் விழுங்கினார்.