இரவல் போன சாமான்கள்

பாலாற்றில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு எங்கள் தெருக்காரர்களுக்கு வெட்கம் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஆளுக்கொரு சாமானாக எங்கள் வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் போனார்கள். ஒருவரும் திருப்பித் தரவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. பாதிரியார் பள்ளிக்கூடத்தில் கூட்டல் கழித்தல் கற்றுக்கொண்ட புதிது. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பேன். அந்த வழக்கம் இன்னும் விட்டபாடில்லை. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கம்பிகளை எண்ணி முடிக்காமல் எனக்கு உட்கார்ந்த நிம்மதி வராது.

வெள்ளம் வந்த சாயங்காலம் சித்தப்பா பக்கத்திலிருந்த ஆம்பூரில் தோல் பதனிடும் மண்டியில் வேலையாக இருந்தார். மேலே எங்கோ ஏரிகள் உடைந்துவிட்டன, தண்ணீர் வருகிறது என்று தகவல் வந்ததும், மேஸ்திரி பாய் ஆட்களையெல்லாம் நிறுத்திவைத்து, தொட்டிகளில் ஊறிக்கொண்டிருந்த தோல்களை மேட்டுக்கு ஏற்றச் சொன்னார். எங்கள் ஊரின் ஆற்றோரத் தெருவரைக்கும் தண்ணீர் ஏறி யாரும் பார்த்ததில்லை. அதனால் வீட்டு நினைப்பு யாருக்கும் வரவில்லை. தோல்கள் அத்தனையும் பிழைத்தன. ஆற்றோரத் தெரு பிழைக்கவில்லை. சித்தியும் தொட்டில் பிள்ளையும் அங்கேதான் இருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து அப்பா கோலார் தங்கச் சுரங்கத்துக்குத் திரும்பிப் போனார். சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் கொல்லைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சோறு வைத்தால் இரண்டு கவளம். மூன்றாவதை நான் பார்த்ததில்லை. அவ்வப்போது எழுந்து போய்க் கைகளை மணலால் தேய்த்துக் கழுவுவார். தோல் நாற்றம் போகவில்லையாம். எங்கள் ஊரில் அந்த நாற்றம் இல்லாத கை யாருக்கு இருந்தது?

அப்போதுதான் இரவல் ஆரம்பமானது. முதலில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கிணற்றுக் கயிற்றைக் கேட்டாள். அவர்கள் கயிறு அறுந்துவிட்டதாம். அவர்கள் கயிறு புத்தம் புதியது, நான்தான் பார்த்தேனே. அம்மா மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு, தண்ணீருக்கு அவர்கள் வீட்டுக்கே குடம் தூக்கிப் போனாள். இலை விழுகிறது என்று சொல்லி எதிர்வீட்டுத் தச்சர் எங்கள் கிணற்றைப் பலகை போட்டு மூடி ஆணியும் அடித்தார். கோடித்தெரு ஆட்டுக்காரி வந்து, ஆட்டுக்கு வேண்டும் என்று கொல்லையிலிருந்த அரளிச்செடியை வேரோடு வெட்டிக்கொண்டு போனாள். ஆடு அரளியில் வாய் வைக்காது. இது ஆட்டுக்காரிக்குத் தெரியாதா?

கடைசியில் மேஸ்திரி பாய் வந்து சித்தப்பாவின் கத்தியை வாங்கிப் போனார். இது எனக்குப் பொறுக்கவில்லை. தோலில் ஒட்டிய சதையை வழிக்கிற கத்தி அது. இரண்டு பக்கமும் பிடி இருக்கும். மண்டியில் அவனவன் கத்தி அவனவனுக்கு. கைக்குப் படிந்த கத்தியை யாரும் கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். பாயும் சித்தப்பா முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. அம்மாவிடம்தான் கேட்டார்.

அன்று மத்தியானம் கொல்லைக்குப் போய்க் கணக்கை ஒப்பித்தேன். "சித்தப்பா, கயிறு போச்சு, செடி போச்சு, கிணத்தை மூடிட்டாங்க. உன் கத்தியக்கூட பாய் எடுத்துக்கினு போய்ட்டாரு. ஒருத்தரும் தரல."

சித்தப்பா என்னையே பார்த்தார். பிறகு கிணற்றுப் பலகையைப் பார்த்தார். அரளி இருந்த குழியைப் பார்த்தார். எனக்குப் புரியாத ஏதோ ஒரு கூட்டலை அவர் மனசுக்குள் போட்டார்போல. "எழுந்திரு, போய்க் கேக்கலாம்" என்றார்.

பல நாளுக்குப் பிறகு சித்தப்பா தெருவில் நடக்கிறார். அம்மா வாசல்வரை ஓடி வந்தாள்.

பெரியம்மா எங்களைக் கண்டதும் கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டாள். "கயிறா? இன்னாப்பா அவசரம்? உங்க அண்ணிக்குத் தண்ணி நான் சேந்தித் தர்றேன். உள்ள வா, களி கிண்டி வெச்சிருக்கேன்."

"கயிறு, பெரியம்மா" என்றேன் நான்.

"இவன் ஒருத்தன், வட்டிக்காரன் மாதிரி! வாயில களியப் போடு."

தச்சர் வீட்டில் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கிடைத்தது. ஆட்டுக்காரி மோர் கொடுத்தாள். ஆடு செடியைத் தின்றதா என்று கேட்டேன். "தின்னுச்சுடா, தின்னு ஏப்பம் வுட்டுச்சு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சித்தப்பா எல்லா வீட்டிலும் கொடுத்ததைச் சாப்பிட்டார். சாமான் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

மேஸ்திரி பாய் மண்டி வாசலில் நின்றிருந்தார். சித்தப்பா நேராகப் போய், "கத்தியக் குடுங்க பாய்" என்றார்.

பாய் மண்டிக்குள் கை காட்டினார். "நாளைக்கு வா தம்பி. ஆட்டுத்தோல் ஜாஸ்தியா வந்திருக்குது, ஆள் கம்மி. கத்தி இங்கேயே இருக்கும். இங்கேயே வேலை செய், இங்கேயே வெச்சிட்டுப் போ."

"அது எங்க கத்தி" என்றேன். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

"அன்னிக்கு உன்னை நான் நிறுத்தி வெச்சிருக்கக் கூடாது" என்றார் பாய், மிகவும் மெதுவாக. சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் கூடப் போனேன். சித்தப்பா சாய்வாக நிறுத்திய மரத்தில் தோலைப் போட்டு வழிக்க ஆரம்பித்தார். பாய் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, தொழுகைக்கு மட்டும் எழுந்துபோய், மற்ற நேரமெல்லாம் அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போதும் வேறொரு ஆளை அங்கே உட்காரவைத்துவிட்டுத்தான் போனார். அன்று சித்தப்பா பதினோரு தோல் வழித்தார். மற்றவர்கள் அதைப்போல் இரண்டு பங்கு வழித்திருந்தார்கள். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொழுது சாய்ந்ததும் சித்தப்பா கத்தியைத் துடைத்துப் பாயிடம் நீட்டினார். பாய் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

வரும் வழியில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "நம்ம கத்திய நீயே திருடிக்கினு போய்டுவியோன்னு பாய் பாக்கறாரு. அவருக்கு உன்மேல நம்பிக்கை இல்ல" என்றேன்.

சித்தப்பா என் தோளில் கை வைத்தார். "பாய் மேல தப்பு இல்லடா. எனக்கே என்மேல இன்னும் நம்பிக்கை வர்ல" என்றார்.

தன் சொந்தக் கத்தியைத் தானே திருடிவிடுவோமோ என்று பயப்படுகிற ஆளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நம் சாமான்களை எப்போது மீட்பது என்று கவலைப்பட்டுக்கொண்டே நடந்தேன்.