மச்சாள் ஏறிப் பார்த்த படகு

எழுபதுகளில் ஒரு ஞாயிறு, துறைமுகத்தின் அக்கரையிலுள்ள மணற்கரைக்குக் குடும்பமாகப் போவதற்கு வாடகைப் படகு பார்க்கப் போனோம். கிண்ணியா ஊர்க்காரர் ஒருவரிடம் இரண்டு தட்டைப் படகுகள் இருந்தன. ஒன்று, எண்ணெய்ப் பீப்பாக்களின் மேல் பலகை அடித்தது. மற்றது, இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டது. பீப்பாப் படகுக்குப் பச்சைப் பெயின்ற் பூசியிருந்ததால் என் கணவருக்கு அதுதான் பிடித்துவிட்டது.

“உங்களுக்குள்ள ஆகப் பாரமான ஆள் ஒரு ஓரத்தில ஏறிக் குந்திப் பாருங்க” என்றார் படகுக்காரர்.

எல்லோரும் கடலைப் பார்த்தோம்.

“ஏன் ஊமையாகிட்டியள்? நான்தானே!” என்று என் மச்சாள், கணவரின் அக்கா, ஏறி ஓரத்தில் இருந்தா. அந்தப் பக்கம் சட்டென்று தாழ்ந்தது. முன்பே ஏறி மறு ஓரத்தில் நின்று பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் சறுக்கி வந்து, அக்காவைத் தாண்டித் தண்ணீருக்குள் விழுந்தார்.

இடுப்பளவு தண்ணீர்தான். ஆனாலும் சிரிக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. மச்சாள் இருந்த இடத்திலிருந்தே அவரைக் குனிந்து பார்த்தா.

“தம்பி, பெயின்ற் நல்லாத்தான் இருக்கு. மற்றதைக் கேள்.”

பிறகு அவவே முதலில் சிரித்தா.

வள்ளப் படகில்தான் போனோம். மச்சாள் நடுவில் ஓலைப்பாய் விரித்துக் கால் நீட்டி இருந்தா. என் கணவர் அக்கரை வரைக்கும் ஈரக் காற்சட்டையைப் பிழிந்துகொண்டே வந்தார்.