உப்புக்காற்றுக்குப் பயந்து

உப்புவெளியில் எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. உப்புக்காற்றில் இரண்டு டிவி பழுதான பயத்தில், குடும்ப வீடியோக்களும் படங்களும் வைத்திருந்த பழைய லப்டொப்பைப் பொலித்தீனில் சுற்றி உடுப்பு அலுமாரிக்குள் வைத்தேன். அங்கிருந்தே அது படங்களை டிவிக்கு ஏற்றபடி மாற்றி வைஃபையில் அனுப்பும்.

சில நாட்களாக எந்தப் படமும் அரை மணித்தியாலத்தில் நின்றது. 'வீடியோவை மாற்ற முடியவில்லை' என்று திரையில் வரும். நான் ஃபோனிலிருந்தே மென்பொருளை நிறுத்தி நிறுத்தி இயக்கினேன். அலுமாரியைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை.

ஒரு பின்னேரம் என் அலுமாரியில் சாறி எடுக்கப் போன கணவரின் தங்கை கூப்பிட்டாள்.

"மச்சாள், ஓடி வாங்கோ. உங்கட சாறியெல்லாம் சுடுது."

"என்ன, எரியுதா?"

"தெரியேல்ல. தொட ஏலாது."

பொலித்தீனுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் பற்றரி வீங்கி லப்டொப்பின் அடிமூடியைப் பிளந்திருந்தது. படங்கள் நின்றதும் அந்தச் சூட்டால்தான். பொலித்தீன் இளகிக் கூறைச்சேலையில் ஒட்டியிருந்தது. அலுமாரியோடு ஒட்டிய தொட்டிலில் மகள் நித்திரை. கணவரின் தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். நான் வயரைப் பிடுங்கினேன்.

இப்போது வேறொரு கணினி, மேசையில் திறந்தபடி இருக்கிறது. படம் நின்றால், ஃபோனை எடுக்குமுன் எழுந்து போய் அது சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். உப்பு தின்றால் தின்னட்டும்.