ஓவெல்லாவின் இரும்புக்கம்பி

ஹார்மன் பெண்ட்டுக்கு மேயர் கிடையாது, ஊராட்சி மன்றமும் கிடையாது. அடிமைத்தளை அறுந்த பதினொரு கறுப்பினக் குடும்பங்கள் 1871இல் கிழக்கு டெக்சாஸின் பைன் காட்டுக்குள் வாங்கிய நிலம் அது. ஒரு தபால் நிலையம் இருந்தது. அதையும் 1953இல் மூடினார்கள். கவுன்டி என்ற மாவட்ட நிர்வாகத்தின் வரைபடத்தில் ஊர் இருந்த இடம் வெறும் வெள்ளை. வரி கேட்க வருபவர்களுக்கு மட்டும் வழி தவறியதே இல்லை.

அங்கே பிறந்த ஓவெல்லா கெய்ன்ஸ் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். கணவன் இறந்தபின் அவன் வேலையையும் எடுத்துக்கொண்டாள்: இடுகாட்டில் புதுக் குழிக்கு இடம் பார்ப்பது. நீண்ட இரும்புக்கம்பியை மண்ணில் குத்துவாள். தோண்டாத செம்மண் கம்பியை நிறுத்திவிடும்; ஒருமுறை தோண்டிய மண் ஐம்பது வருடம் கழித்தும் உள்ளே விடும்.

"பொம்பள பாக்குற வேலையா இது?" என்று கேட்டவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். "படுத்திருக்கவங்க யாரும் வேண்டாம்னு சொல்லலையே!"

1976இல் சாலையை அகலப்படுத்தக் கவுன்டி அளவெடுத்தது. அளக்க வந்தவன் கண்ணில் இடுகாட்டில் பட்டவை உடைந்த தட்டுகள், விளக்குக் கண்ணாடி, முள் இல்லாத கடிகாரம். "குப்பைமேடு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். கல் நட வசதியில்லாத அந்த ஊரில், இறந்தவர் கடைசியாகக் கையாண்ட பொருளை உடைத்துத் தலைமாட்டில் வைப்பார்கள். இடுகாடு என்றால் சட்டப்படி யாரும் தொட முடியாது. குப்பைமேடு என்றால் திங்கட்கிழமை புல்டோசர் வரும்.

"உபவாச ஜெபம் வைப்போம், சிஸ்டர்," என்றார் பாஸ்டர் டில்மன்.

"வைங்க பாஸ்டர். மேல இருக்கவர்கிட்ட நீங்க பேசுங்க. கவுன்டிகிட்ட நான் பேசுறேன்."

பேசினாள். மூன்று நாள் அலுவலக வாசலில் நின்று, சனிக்கிழமை காலை பொறியாளர் விட்லோவை இடுகாட்டுக்கே வரவழைத்தாள்.

"இங்க ஒரு கல்லறைக் கல்லு கூட இல்லையே, ஓவெல்லா. நீ சொன்னா ஆச்சா?"

"மிஸஸ் கெய்ன்ஸ்னு கூப்பிடுங்க. நான் சொல்ல வேண்டாம், மண்ணு சொல்லட்டும். இந்தக் கோப்பை லூதர் பிக்கன்ஸோடது. குத்துங்க."

அவள் கொடுத்த கம்பியை விட்லோ குத்தினார்; நான்கடி இறங்கியது.

"இப்ப ரெண்டு எட்டு தள்ளிக் குத்துங்க."

ஒரு சாணுக்கு மேல் போகவில்லை. விட்லோ கம்பியைப் பார்த்தார், உடைந்த கோப்பையைப் பார்த்தார். ஓவெல்லா அடுத்த பெயரைச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் கம்பி இறங்கியது, இடைவெளிகளில் நின்றது. நாற்பதாவது குழியில் அவர் கம்பியை அவளிடம் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"போதும், மிஸஸ் கெய்ன்ஸ். இடுகாடுதான். எழுதிடுறேன்."

"எல்லாரையும் எழுதுங்க. இன்னும் முப்பத்தொரு பேர் இருக்காங்க," என்று கம்பியைத் திரும்ப அவர் கையில் கொடுத்தாள்.

வெயில் ஏறும்வரை குத்தினார். சாலை தெற்கே வளைந்து போயிற்று.